ஏறாத தண்ணீர்

அளவுக் கூண்டைப் படகு நெருங்கியபோது வெயில் நன்றாக ஏறியிருந்தது.

ஆறு கடலில் கலக்கும் இடம் அது. இரண்டு கரைகளும் பேச்சுவார்த்தை இல்லாத உறவுக்காரர்கள் போல விலகிப் போயிருந்தன. நடுவில் சேற்று நிறத்தில் தண்ணீர் மட்டும் அகலமாகக் கிடந்தது. அந்த அகலத்தில் தன்னந்தனியாக ஒரு கான்கிரீட் உருளை நின்றது. அதன் தலையில் ஒற்றை அறை. ஒரு கதவு, ஒரு ஜன்னல், துருப்பிடித்த ஏணி. தூரத்தில் இருந்து பார்த்தால், யாரோ கழுத்தளவுத் தண்ணீரில் நின்றுகொண்டு கரையையே பார்ப்பது போல இருக்கும்.

“கப்பல் அண்ணே, மெதுவா. இடிச்சா கூண்டுக்கு ஒண்ணும் ஆகாது. நாமதான் நீந்தணும்,” என்றான் தம்பி.

படகோட்டிக்குக் ‘கப்பல்’ என்று பெயர் வந்ததற்குக் காரணம் அவருடைய படகு. அந்த ஆற்றிலேயே அதுதான் சிறியது. மூன்று பேர் ஏறிய பிறகு ஒரு குடையை ஏற்றுவதற்குக்கூட யோசிப்பார்.

முதலில் ஏணியைப் பிடித்து ஏறியவள் அக்கா. கரையில் இருப்பவர்கள் அவளை அளவுக்காரி என்பார்கள். ஆற்றின் உயரத்தையும் சூட்டையும் அளப்பது அவள் வேலை. அளக்கும் கருவிகள் படுத்துக்கொண்டால் எழுப்பி உட்கார வைப்பது தம்பியின் வேலை. அம்மா இல்லாத வீட்டில் அவனுக்குத் தலைவாரிப் பள்ளிக்கு அனுப்பியவள் அவள். இந்த வேலையை வாங்கிக் கொடுத்தவளும் அவள்தான். அந்தக் கடைசிக் காரியத்தைத் தம்பியின் மனைவி இன்னும் மன்னிக்கவில்லை. அன்று காலையில்கூட, போன தடவை சேறும் சகதியுமாக அனுப்பினீர்களே அண்ணி, இந்தத் தடவையாவது முழுசாகக் கொண்டுவந்து விடுங்கள் என்று வாசலில் நின்று சிரித்துக்கொண்டே சொன்னாள். அதில் பாதிதான் சிரிப்பு.

அளவுக்காரி கதவைத் திறந்தாள்.

அடைத்து வைத்த ஈரத்தின் வாடை முகத்தில் அடித்தது. வெறும் சேற்று வாடை இல்லை. துணியை வாளியில் ஊறப்போட்டு, நாள்கணக்கில் மறந்துவிட்டால் வருமே, அந்த வாடை.

அறையின் நடுத்தரையில் ஓர் இரும்பு மூடி. அதைத் திறந்தால் உருளையின் முழு நீளத்துக்கும் கிணறு. கிணற்றின் அடியில், ஆற்றைப் பார்த்த பக்கம், ஒரு கை நுழையும் அளவுக்கு ஓட்டை. ஆற்றுத் தண்ணீர் அந்த ஓட்டை வழியாகத்தான் உள்ளே வரும், வெளியே போகும். வெளியில் அலை எவ்வளவு துள்ளினாலும் உள்ளே தண்ணீர் தட்டில் ஊற்றியது போல அசையாமல் இருக்கும். கடல் ஏறும்போது மெல்ல ஏறும். வற்றும்போது மெல்ல இறங்கும். அதன் மேல் ஒரு மிதவை. மிதவையோடு சேர்ந்து மேலே ஒரு சக்கரம் சுழலும். அந்தச் சக்கரத்தின் சுழற்சிதான் கரையில் உள்ள அலுவலகத்துக்கு ஆற்றின் உயரமாகப் போய்ச் சேரும்.

சில நாட்களாக அந்த உயரம் பொய் சொல்லிக்கொண்டிருந்தது. ஆறு நிரம்பி வழியும் நேரத்திலும் கிணற்றில் தண்ணீர் ஏறவில்லை. ஓட்டையில் சேறும் சிப்பியும் அடைத்திருக்கும் என்றார்கள். அடியில் இருந்த வெப்பமானி வேறு பத்தொன்பது டிகிரி காட்டியது. சுற்றிலும் ஆறு இருபத்தொன்பதில் வெதுவெதுப்பாக ஓடும்போது அடியில் மட்டும் எப்படி அந்தக் குளிர்? கருவி கெட்டுவிட்டது, மாற்றிவிட்டு வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள்.

அவள் பையைத் தரையில் வைத்துக் குனிந்து, புது வெப்பமானியை எடுத்தாள்.

டிங். டிங். டிங்.

சுவரில் இருந்த சிறிய மணி அடித்தது. கிணற்றுக்குள் வேலை செய்பவர்களுக்காக வைத்தது அது. உள்ளிருந்து கத்தினால் குரல் கான்கிரீட்டில் மோதி மோதி, சொல் எதுவும் தேறாமல் வெறும் ஊளையாகத்தான் மேலே வரும். அதனால் யாரும் கத்த மாட்டார்கள். மூடியில் உள்ள சிறு துளை வழியாக ஒரு கயிறு அடி வரை தொங்கும். ஒரு முறை இழுத்தால், நலமாக இருக்கிறேன். இரண்டு முறை என்றால், சாமான் இறக்கு. மூன்று முறை என்றால், என்னைத் தூக்கு. மேலே இருப்பவர் தான் கேட்டதற்கு அடையாளமாகத் திருப்பி ஒரு முறை இழுக்க வேண்டும். பழகிய கைக்கு அதில் யோசனையே கிடையாது.

அவள் கையும் யோசிக்கவில்லை. வெப்பமானியில் இருந்து கண்ணை எடுக்காமலேயே கயிற்றை எட்டிப் பிடித்து ஒரு முறை இழுத்துவிட்டது.

“யாருக்குக்கா பதில் கொடுக்கிற?”

குரல் பின்னாலிருந்து வந்தது. தோளில் கயிற்றுச் சுருளோடு தம்பி வாசலில் நின்றான்.

அவள் தரையைப் பார்த்தாள்.

மூடி இன்னும் திறக்கவே இல்லை.

ஏதாவது மீன் கயிற்றில் மாட்டியிருக்கும் என்றான் தம்பி. இவ்வளவு ஒழுங்காக மணி அடிக்கிற மீனை விடக்கூடாது, மேலதிகாரியாகவே போட்டுவிடலாம், இப்போது இருப்பவரைவிட மோசமாகவா இருக்கும் என்று சிரித்தான். அவளும் சிரித்து வைத்தாள். கயிற்றைப் பிடித்த உள்ளங்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள். துடைக்கிறோம் என்பதே அவளுக்குத் தெரியவில்லை.

கடல் வற்றி அடிமட்டத்தில் நிற்பது கொஞ்ச நேரம்தான். அதற்குள் வேலையை முடித்தாக வேண்டும். மூடியைத் திறந்தார்கள். தம்பி இடுப்பில் வாரைக் கட்டி, அதை ஆளைத் தூக்கி இறக்கும் கைராட்டினத்தின் தடிக் கயிற்றில் மாட்டினான். ராட்டினத்தைச் சுழற்றக் கப்பல் மேலே வந்தார். தலைவிளக்கின் வெளிச்சம் ஏணிப்படிகளில் தடுமாறிக்கொண்டே இறங்கியது. பாதி வழியில் உள்ள இரும்புத் தட்டைத் தாண்டியதும் வெளிச்சம் மறைந்தது. அதற்கு மேல் கண்ணுக்கு வேலை இல்லை. எல்லாம் மணிதான்.

டிங். நலம்.

அவள் திருப்பி இழுத்தாள்.

டிங், டிங். கம்பியையும் வாளியையும் இறக்கினார்கள். வாளி கறுத்த சேற்றோடு மேலே வந்தது. மறுபடி இறங்கியது. மறுபடி வந்தது. சற்றுப் பொறுத்து மிதவைச் சக்கரம் கிரீச்சிட்டுக்கொண்டு கால் சுற்றுச் சுழன்றது. அடைப்பு எடுபட்டுத் தண்ணீர் உள்ளே வர ஆரம்பித்திருக்கிறது. “ஆச்சு,” என்றாள் கப்பலிடம்.

உடனே சக்கரம் நின்றுவிட்டது.

டிங். நலம்.

ஓட்டையின் ஓரத்தை வழித்துக்கொண்டிருப்பான் என்று நினைத்து அவள் வெளி ஏணிக்குப் போனாள். ஆறு திரும்பியிருந்தது. கடலில் இருந்து நுரைக்கோடு உள்ளே வந்துகொண்டிருந்தது. அளவுப் பலகையில் தண்ணீர் ஓரிரு கோடுகள் ஏறியிருந்தது. புது வெப்பமானியை ஆற்றில் மேலே, நடுவில், அடியில் என்று இறக்கிப் பார்த்தாள். உப்புத் தண்ணீர் இன்னும் இங்கே வந்து எட்டவில்லை, எங்கும் இருபத்தொன்பது. கருவியில் கோளாறு இல்லை.

அறைக்குத் திரும்பி மிதவைச் சக்கரத்தைப் பார்த்தாள். அது அசையவில்லை. கிணற்றில் தண்ணீர் இன்னும் முழங்கால் அளவுதான். நல்லதாகப் போயிற்று, தம்பிக்கு நேரம் இருக்கிறது என்று நினைத்தாள்.

அந்தத் தப்பை வேறு எந்தத் தொழில் செய்பவரும் செய்திருக்க மாட்டார். ஜன்னலுக்கு வெளியே ஆறு கண்ணெதிரே பொங்கிக்கொண்டிருந்தது. அவள் ஜன்னலைப் பார்க்கவில்லை. சக்கரத்தை நம்பினாள்.

டிங்.

கப்பல் ராட்டினத்தின் பிடியில் கை வைத்தபடி, காலையில் மணி அடித்ததாமே, எத்தனை தடவை என்று கேட்டார். கணக்குப் பார்க்கவில்லை என்று அவள் பொய் சொன்னாள். அவர் பொய்யைக் கண்டுபிடித்துவிட்டார்.

“மூணு. அது எப்பவும் மூணுதான்,” என்றார் தாழ்ந்த குரலில்.

பிறகு சொன்னார். கூண்டு கட்டிய காலத்தில் உள்ளே தண்ணீரை இறைத்துக் காயவைத்திருந்தார்களாம். வேலை முடிந்து ஓட்டையின் அடைப்பை எடுக்க ஒரு முக்குளிப்பவரை ஆற்றுப் பக்கமாக இறக்கியிருக்கிறார்கள். உள்ளே காலி, வெளியே ஆறு. அடைப்பைத் தட்டியதும் மொத்த ஆற்றின் பாரமும் அந்த ஓட்டைக்குள் பாய்ந்தது. அவருடைய கையையும் தோள் வரை உள்ளே இழுத்துக்கொண்டது. அவர் இடுப்புக் கயிற்றை மூன்று மூன்றாக இழுத்திருக்கிறார். மேலே இருந்தவர்கள் நீரோட்டம் இழுக்கிறது என்று சும்மா இருந்துவிட்டார்கள். இரண்டு பக்கமும் தண்ணீர் சமமான பிறகுதான் உடலை எடுக்க முடிந்தது. அதுவரை கிணற்றுக்குள் இருந்து பார்த்தால், சுவரில் இருந்து ஒரு கை மட்டும் நீண்டு விரல்களை விரித்துக்கொண்டிருந்ததாம்.

“யாரும் பதில் குடுக்கலை. அதான் இன்னும் அடிக்குது. நாங்க யாரும் அதுக்குப் பதில் குடுக்கிறதில்லைம்மா.”

டிங்.

அவள் கை கயிற்றுக்குப் போய், பாதியில் நின்றது.

டிங்.

கீழே இருப்பவன் எதற்கு இத்தனை முறை நலம் சொல்கிறான்?

டிங்.

ஒரே இடைவெளி. மூச்சு விடுவதைப் போல.

டிங்.

காலையில் அவள் இழுத்ததும் ஒரு முறைதான். மூன்றுக்கு ஒன்று என்று அவள்தான் பதில் சொன்னாள். ஒரு முறை இழுக்க அதற்குச் சொல்லிக் கொடுத்ததே அவள்தான்.

மறுபடி சக்கரத்தைப் பார்த்தாள். அசைவே இல்லை. ஜன்னலுக்கு வெளியே ஆறு கூண்டின் பாதி ஏணியை விழுங்கியிருந்தது. அடைப்பைத் தம்பி எடுத்துவிட்டான். சக்கரம் சுழன்றதை அவளே கண்ணால் பார்த்தாள். திறந்த ஓட்டை வழியாகத் தண்ணீர் வரவில்லை என்றால், அந்த ஓட்டைக்குள் வேறு எதுவோ நுழைந்திருக்க வேண்டும்.

கிணற்றின் அடியில் தம்பியைத் தவிர வேறு எதுவும் இல்லை.

“தூக்குங்க,” என்றாள். கப்பலுக்கு அவள் முகமே போதுமாக இருந்தது. ராட்டினத்தைச் சுழற்றினார். கயிறு விறைத்தது. அதற்கு மேல் ஒரு விரற்கடைகூட நகரவில்லை.

அவள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏணியில் இறங்கினாள். நடுத்தட்டைத் தாண்டியதும் மூச்சு புகையாக வந்தது. வெளியே வெயில் காலம்.

தலைவிளக்கின் வெளிச்சம் சுவரில் அசையாமல் விழுந்திருந்தது. தம்பி முழங்கால் தண்ணீரில் மண்டியிட்டு, கன்னத்தைக் கான்கிரீட்டில் அழுத்திக்கொண்டிருந்தான். வலது கை தோள் வரை ஓட்டைக்குள் போயிருந்தது. வாய் திறந்திருந்தது. சத்தம் வரவில்லை. கண்கள் மட்டும் அவளைப் பார்த்து, பிறகு எதிர்ச் சுவரைக் காட்டின.

மணிக் கயிறு அந்தப் பக்கம் தொங்கியது. அவன் இடது கையை எவ்வளவு நீட்டினாலும் எட்டாத தூரம்.

அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கயிறு ஒரு முறை கீழ்நோக்கி இழுபட்டது.

மேலே மணி அடித்தது.

அவள் தம்பியின் தோளை இரண்டு கைகளாலும் கட்டிப் பிடித்து இழுத்தாள். ஆற்றின் அழுத்தம் முழுவதும் வெளியில் இருந்து உள்ளே தள்ளுகிறது. அந்த வேகத்துக்குக் கை தானாகவே வெளியே துப்பப்பட்டிருக்க வேண்டும். அவளுக்கு அந்தக் கணக்கு நன்றாகத் தெரியும். ஆனால் கை வரவில்லை. அந்தப் பக்கத்தில் இருந்து இழுபட்டுக்கொண்டிருந்தது.

மேலே கப்பல் தன் எடை முழுவதையும் ராட்டினத்தில் போட்டார். சிப்பியில் தோல் உரசும் சத்தம் கேட்டது. கை விடுபட்டது. உடனே தடித்த தூண் போலத் தண்ணீர் பாய்ந்து இருவரையும் எதிர்ச் சுவரில் அறைந்தது. மிதவைச் சக்கரம் பைத்தியம் பிடித்தது போலச் சுழலும் ஓசை மேலிருந்து வந்தது. ஏணியில் அவனை முன்னால் ஏற்றி, பின்னால் தன் தலையால் முட்டுக் கொடுத்துக்கொண்டே ஏறினாள். தண்ணீர் அவள் குதிகாலைத் தொட்டுக்கொண்டே வந்தது.

படகில் அவனைப் போர்த்திப் படுக்க வைத்தார்கள். எலும்பு முறியவில்லை. சிராய்ப்பு மட்டும்தான். ஆனால் வலது உள்ளங்கை மட்டும் பல நாள் தண்ணீரில் கிடந்தது போல வெளுத்துச் சுருங்கியிருந்தது.

கரை நெருங்கியபோதுதான் அவனுக்குப் பேச்சு வந்தது.

“சேறு இருக்கான்னு கையை விட்டுப் பார்த்தேன்க்கா. அந்தப் பக்கம் ஒரு கை இருந்துச்சு.”

அவள் அவன் தலையைத் தடவினாள். பேசாதே என்றாள்.

“பிடிச்சுக்கிச்சு. இறுக்கமா எல்லாம் இல்லை. பயந்துபோனவங்க பிடிப்பாங்களே, அது மாதிரி.”

மருத்துவமனையில் டாக்டருக்கு ஒன்றும் பிடிபடவில்லை. நாடி ஓடுகிறது, ரத்த ஓட்டம் சரி, விரல்கள் மடங்குகின்றன, ஆனால் கை மட்டும் குளிர்ந்து கிடக்கிறது என்றார். வெந்நீர் ஒத்தடம் கொடுத்தார்கள். போர்வை மேல் போர்வை போட்டார்கள். தம்பியின் மனைவி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அந்தக் கையைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். அளவுக்காரியிடம் அவள் ஒரு வார்த்தையும் பேசவில்லை. பேசியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது.

மனைவி மருந்து வாங்கப் போன நேரத்தில் அளவுக்காரி பையில் இருந்து தன் வெப்பமானியை எடுத்தாள். ஆற்றுக்குள் இறக்கும் கருவி. அதன் நுனியைத் தம்பியின் விரல்களுக்கு நடுவே வைத்தாள்.

பத்தொன்பது.

மணிக்கட்டில் வைத்தாள். அங்கும் பத்தொன்பது. அதற்கு மேல் நாலு விரல் தள்ளி வைத்ததும் ஒரேயடியாக முப்பத்தாறு. நடுவில் எதுவும் இல்லை. கோடு போட்டுப் பிரித்தது போல இருந்தது.

அப்படிப்பட்ட கோட்டை அவள் தினமும் பார்ப்பவள். முகத்துவாரத்தில் உப்புத் தண்ணீர் கனம் என்பதால் அடியில் நுழையும். நல்ல தண்ணீர் மேலே மிதக்கும். இரண்டும் சட்டென்று கலக்காது. வெப்பமானியை இறக்கிக்கொண்டே வந்தால் ஓரிடத்தில் அளவு விழும். கடல் ஏறும்போது அந்தக் கோடு ஆற்றுக்குள் முன்னேறும். வற்றும்போது பின்வாங்கும்.

இரவில் கடல் வற்றியதும் தம்பியின் மணிக்கட்டு சூடானது. விரல்களும் ஒவ்வொன்றாகச் சூடாயின. மனைவி அழுதுகொண்டே சிரித்தாள். மறுநாள் கடல் ஏற்றத்தில் குளிர் மறுபடி வந்தது. இந்தத் தடவை முழங்கை வரை.

பௌர்ணமி நெருங்கிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு ஏற்றமும் முந்தையதைவிட உயரமாக வரும் நாட்கள். எந்த ஏற்றம் எவ்வளவு உயரும் என்பது அவளுக்கு மனப்பாடம். தம்பியின் கையில் அதை அளந்து பார்த்தாள். பௌர்ணமி அன்று பிற்பகலில் வரும் ஏற்றம் தோளில் நிற்காது.

தோளுக்கு அடுத்தது நெஞ்சு.

டாக்டரிடம் இதைச் சொன்னால் தனக்கும் பக்கத்தில் ஒரு கட்டில் போட்டுவிடுவார் என்று அவளுக்குத் தெரியும். சொல்லவில்லை. வாசலில் நின்றிருந்த கப்பலிடம் மட்டும் சொன்னாள். அவர் ஆறும் கடலும் இல்லாத பக்கமாக, எவ்வளவு தூரம் முடியுமோ அவ்வளவு தூரம் கொண்டுபோய்விடு என்றார். தம்பியின் மாமனார் வீடு மேட்டுநிலத்தில் இருந்தது. ஓர் இரவு முழுவதும் வேனில் போக வேண்டும். அங்கே கிணறு தோண்டினால் பாறைதான் வரும் என்று மாமனாரே அலுத்துக்கொள்வார். அந்தப் பேச்சு இப்போது அவளுக்குத் தேனாக இனித்தது.

பௌர்ணமி அன்று காலையில் போய்ச் சேர்ந்தார்கள். சுவர்கள் காய்ந்து வெடித்திருந்தன. முற்றத்து மண் காலில் ஒட்டவில்லை. தம்பி கட்டிலில் சாய்ந்துகொண்டு, இந்த வீட்டில் குளிக்கவே தண்ணீர் கிடையாது, இங்கே எந்தப் பேயும் ஒரு வாரம் தாங்காது என்றான். மாமனார் முறைத்தார். மனைவி அவன் தொடையில் கிள்ளினாள்.

பிற்பகல் ஆயிற்று. கடல் ஏறத் தொடங்கும் நேரம். அவள் வெப்பமானியைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள்.

விரல்கள் முப்பத்தாறு.

சற்று நேரம் கழித்து மறுபடி பார்த்தாள். முப்பத்தாறு.

அப்பாடா என்று சுவரில் சாய்ந்தாள். தூரம் வென்றுவிட்டது. கடலுக்கும் இந்த வீட்டுக்கும் நடுவில் எத்தனை ஊர், எத்தனை வயல், எத்தனை பாறை.

தம்பி பேசிக்கொண்டிருந்த பேச்சைப் பாதியில் நிறுத்தினான்.

“அக்கா. வருது.”

இருபத்தொன்பது என்றது கருவி. அடுத்த மூச்சில் பத்தொன்பது.

இந்தத் தடவை அது விரல் விரலாக வரவில்லை. மணிக்கட்டைத் தாண்டியது. முழங்கையைத் தாண்டியது. அவள் வெப்பமானியை மேலே மேலே நகர்த்தினாள். கோடு அவளுக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தது. அடைத்து வைத்த ஈரத்தின் வாடை அந்தக் காய்ந்த அறையில் எழுந்தது. தம்பியின் உதடுகள் நீலமாயின. மனைவி வெந்நீர் வைக்க அடுக்களைக்கு ஓடினாள். மாமனார் வண்டி பிடிக்க ஓடினார்.

தோள்.

கழுத்தெலும்பு.

தம்பியின் கண்கள் அவளைப் பார்த்தன. கிணற்றின் அடியில் பார்த்த அதே கண்கள். அவன் வாய் திறந்தது. சத்தம் வரவில்லை.

அளந்தது போதும் என்று அவள் வெப்பமானியைத் தரையில் வைத்தாள். அதற்கு மேல் அளந்து தெரிந்துகொள்ள எதுவும் இல்லை. தெரியவேண்டியது ஒன்றுதான், அது ஏற்கெனவே அவளுக்குத் தெரியும். அத்தனை வருடங்களாக யாரும் பதில் கொடுக்காத மணிக்கு யார் பதில் கொடுத்தது என்பது.

அவள் குனிந்து, தம்பியின் வெளுத்த உள்ளங்கையோடு தன் உள்ளங்கையைப் பொருத்தினாள். பனிக்கட்டியைப் பிடித்தது போல இருந்தது. அவன் காதுக்குக் கேட்காத குரலில் பேசினாள். அவனிடம் பேசவில்லை.

“அன்னைக்குப் பதில் சொன்னது இவன் இல்லை. நான்தான்.”

பிடியை இன்னும் இறுக்கினாள்.

“இவனை விட்டுடு. நான் பிடிச்சுக்கறேன்.”

சிறிது நேரம் எதுவும் நடக்கவில்லை. பிறகு தம்பி நீளமாக ஒரு மூச்சை இழுத்தான். தண்ணீருக்கு அடியில் இருந்து மேலே வந்தவன் இழுப்பது போன்ற மூச்சு. நெற்றி வியர்த்தது. உதட்டுக்கு நிறம் திரும்பியது. அவள் பிடித்திருந்த கை, அவள் பிடியிலேயே, மெல்ல மெல்லச் சூடானது.

மாமனார் வண்டியோடு வந்தபோது அவன் எழுந்து உட்கார்ந்து சோறு கேட்டுக்கொண்டிருந்தான். அக்கா, கையை விடு, திருவிழாவுல காணாமப் போற பிள்ளையைப் பிடிச்ச மாதிரி பிடிச்சிருக்கியே என்றான். அவள் விட்டாள். அவன் விரல்களை மடக்கி நீட்டிக் காட்டினான். மனைவி அந்தக் கையைத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டு அழுதாள். பிறகு எழுந்து வந்து, பேசாமல் இருந்த அத்தனை நாட்களுக்கும் சேர்த்து, அளவுக்காரியின் காலடியில் உட்கார்ந்து மடியில் தலையை வைத்துக்கொண்டாள்.

“மன்னிச்சுடுங்க அண்ணி.”

அளவுக்காரி அவள் தலையை இடது கையால் தடவினாள்.

எல்லோருக்கும் டீ போடுகிறேன் என்று தம்பியின் மனைவி அடுக்களைக்குப் போனாள். கொதிக்கக் கொதிக்க டம்ளர்களில் ஊற்றித் தட்டில் வைத்துக் கொண்டுவந்தாள். தம்பி எடுத்தவுடன் கையை உதறிக்கொண்டு கீழே வைத்தான். மாமனார் துண்டின் நுனியைச் சுற்றிப் பிடித்தார்.

“அண்ணி,” என்றாள் தம்பியின் மனைவி மெதுவாக. “அது இப்பதான் அடுப்புல இருந்து இறக்கினது. சுடலையா?”

அளவுக்காரி தன் வலது கையைப் பார்த்தாள். டம்ளரை முழுதாகச் சுற்றிப் பிடித்திருந்தது. மற்ற டம்ளர்களில் இன்னும் ஆவி எழுந்துகொண்டிருந்தது. அவளுடையதில் இல்லை. டீயின் மேல் ஏடு படிந்து உறைந்திருந்தது.

“எனக்குச் சூடு பழகிப் போச்சும்மா,” என்றாள்.

டம்ளரைக் கீழே வைத்தாள். கையை முந்தானைக்குள் மறைத்து, இறுக்கி மூடிக்கொண்டாள். கடல் இன்னும் முழுதாக ஏறி முடியவில்லை. சுவரில் சாய்ந்து, எல்லோரும் சிரிப்பதைப் பார்த்து அவளும் சிரித்தாள்.

முந்தானைக்குள், அவளுடைய மூடிய விரல்களை விலக்கிக்கொண்டு, அவற்றின் நடுவே வேறு விரல்கள் ஒவ்வொன்றாக வந்து பொருந்தின.